ஒரு சீசனைப் படிப்பது எப்படி?

தில்லியில் வாழும் தமிழ்க் குடும்பங்களில் ஏப்ரல் பிறந்தால் ஒரு கேள்வி தவறாமல் எழுகிறது. ஐ.பி.எல். கிரிக்கெட்டில் நம் அணி எது, சென்னையா, தில்லியா? மயிலாப்பூரிலோ மதுரையிலோ வளர்ந்த தாத்தாவுக்குச் சென்னை. ராமகிருஷ்ணபுரத்தில் பிறந்து, பள்ளி நண்பர்களோடு கோட்லா மைதானத்துக்குப் போய்வரும் பேரனுக்குத் தில்லி. 'ஊர்ப் பற்று இல்லாத பிள்ளை' என்று பெரியவர் வருந்துவதும், பிள்ளையின் முகம் வாடிப்போவதும் பல வீடுகளில் நடக்கின்றன.

நான் டிப்ளமா படித்துவிட்டு ரயில்வேயில் சேர்ந்து, தண்டவாளப் பராமரிப்பிலேயே பணிக்காலத்தைக் கழித்தவன். எதையும் அளந்து பார்த்த பிறகே பேச வேண்டும் என்பது அந்த வேலை தந்த பழக்கம். ஆகவே இந்தக் கேள்வியை ஒரு கணக்குப் பாடமாக எடுத்துக்கொள்வோம். பாடத்துக்கு உதாரணம், சென்னை சூப்பர் கிங்ஸ் அணியின் 2018-ஆம் ஆண்டு சீசன். குழந்தைகள் ஒரு தாளும் பென்சிலும் எடுத்து வைத்துக்கொள்ளட்டும்.

1. சீசனின் அமைப்பு

2018-ல் மொத்தம் 8 அணிகள். ஒவ்வோர் அணியும் மற்ற 7 அணிகளுடன் இரண்டு முறை மோத வேண்டும்: ஒருமுறை சொந்த மைதானத்தில், ஒருமுறை எதிரணியின் மைதானத்தில். ஆக, ஓர் அணிக்கு 14 ஆட்டங்கள். வென்றால் 2 புள்ளிகள், தோற்றால் ஒன்றுமில்லை. முதல் நான்கு இடங்களைப் பிடிப்பவர்கள் அடுத்த கட்டத்துக்குப் போவார்கள். அதிலும் முதல் இரண்டு இடங்களுக்கு ஒரு சலுகை உண்டு. அவர்கள் ஒருமுறை தோற்றாலும் இறுதிக்குப் போக இன்னொரு வாய்ப்பு கிடைக்கும். மூன்றாம், நான்காம் இடத்தவர்க்கு அது கிடையாது.

2. இடம் பெயர்ந்த அணி

சென்னை அணிக்கு அந்த ஆண்டு ஒரு மறுபிறவி. சூதாட்டப் புகார் தொடர்பாக லோதா குழு 2015 ஜூலையில் அளித்த முடிவால், 2016, 2017 ஆகிய இரண்டு ஆண்டுகள் அந்த அணி விளையாடவில்லை. திரும்பி வந்தபோது முக்கிய வீரர்கள் பலர் முப்பதைக் கடந்திருந்தார்கள். தோனிக்கும் வாட்சனுக்கும் வயது 36. 'அப்பாக்களின் அணி' என்று கேலி செய்தவர்கள் உண்டு.

2018 ஏப்ரல் 10 அன்று சேப்பாக்கத்தில் முதல் உள்ளூர் ஆட்டம். கொல்கத்தா 202 ரன் எடுத்தது. ஒரு பந்து மீதமிருக்கையில் சென்னை வென்றது. ஆனால் அன்று மைதானத்துக்கு வெளியே நிலைமை வேறு. காவிரி வழக்கில் உச்ச நீதிமன்றம் பிப்ரவரி 16 அன்று தீர்ப்பளித்தும், அதன்படி அமைய வேண்டிய ஏற்பாடு குறித்த காலத்தில் அமையவில்லை. தமிழ்நாடெங்கும் போராட்டம் நடந்துகொண்டிருந்தது. தண்ணீருக்காக மாநிலமே கொதிக்கும்போது கிரிக்கெட் திருவிழாவா என்று கேட்டவர்களின் பக்கமும் நியாயம் இருந்தது. ஆட்டத்தின் நடுவே மைதானத்துக்குள் காலணி வீசப்பட்டது. மறுநாளே, பாதுகாப்பு தர இயலாத நிலையில், மீதமிருந்த 6 உள்ளூர் ஆட்டங்களும் புனேக்கு மாற்றப்பட்டன. இரண்டு ஆண்டு காத்திருந்த சென்னை ரசிகர்களுக்குக் கிடைத்தது ஒரே ஒரு மாலைதான்.

இங்கே நம் ரயில்வேயும் கதைக்குள் வருகிறது. ஏப்ரல் 19 அன்று சுமார் ஆயிரம் ரசிகர்களை ஏற்றிக்கொண்டு, அணி ஏற்பாடு செய்த சிறப்பு ரயில் சென்னையிலிருந்து புனேக்குப் புறப்பட்டது. 'விசில் போடு எக்ஸ்பிரஸ்' என்று பெயர். சுமார் 1,100 கிலோமீட்டர் பயணம். மறுநாள் அவர்கள் கண்முன்னே வாட்சன் 57 பந்துகளில் 106 ரன் அடித்தார். ராஜஸ்தான் 64 ரன் வித்தியாசத்தில் தோற்றது.

3. கணக்கு என்ன சொல்கிறது?

சென்னை அணியின் 14 ஆட்டங்களையும் இடவாரியாகப் பிரித்து எழுதுங்கள்.

சேப்பாக்கம்: 1 ஆட்டம், 1 வெற்றி.
புனே: 6 ஆட்டங்கள், 5 வெற்றிகள்.
பிற அணிகளின் மைதானங்கள்: 7 ஆட்டங்கள், 3 வெற்றிகள்.

மொத்தம் 9 வெற்றி, 5 தோல்வி, 18 புள்ளிகள். புனேயில் மும்பையிடம் மட்டுமே தோல்வி. வெளியூர்களில் பாதிக்கும் குறைவாகவே வென்ற அணி, தனக்குச் சொந்தமில்லாத ஊரில் ஆறில் ஐந்தை வென்றிருக்கிறது!

இதற்குக் காரணம் இல்லாமல் இல்லை. சென்னை அணி விளையாடாத ஆண்டுகளில் தோனியும் டூ பிளெஸ்ஸியும் புனே அணிக்காக ஆடினார்கள். தீபக் சாஹர், ஷர்துல் டாக்குர், இம்ரான் தாஹிர் ஆகியோரும் அங்கு இருந்தவர்களே. ஆகவே அந்த மைதானத்தின் காற்றும் மண்ணும் அணியில் பலருக்குத் தெரியும். தண்டனைக் காலத்தில் பிழைக்கப் போன ஊர், தேவைப்பட்டபோது கைகொடுத்தது. சீசன் முடிவில் அணி, புனே மைதானப் பணியாளர்களுக்குத் தலா 20,000 ரூபாய் அன்பளிப்பு வழங்கியது. தடத்தில் வேலை செய்யும் கேங்மேன்களோடு காலம் கழித்த எனக்கு, ஸ்கோர் பலகையில் பெயர் வராத அந்த மனிதர்களை நினைத்துப் பார்த்த செயல் மிகவும் பிடித்திருந்தது.

4. நிகர ரன் விகிதம்

அந்த ஆண்டு ஹைதராபாத் அணிக்கும் 18 புள்ளிகள்தான். ஆனால் பட்டியலில் ஹைதராபாத் முதலிடம், சென்னை இரண்டாமிடம். ஏன்? புள்ளிகள் சமமானால் நிகர ரன் விகிதம் பார்க்கப்படும். ஹைதராபாத்துக்கு +0.284, சென்னைக்கு +0.253.

பலரும் பயப்படும் இந்தக் கணக்கு மிக எளியது. நாம் ஓர் ஓவருக்குச் சராசரியாக எடுத்த ரன்னிலிருந்து, எதிரணிக்கு ஓர் ஓவருக்குச் சராசரியாகக் கொடுத்த ரன்னைக் கழிக்க வேண்டும். எல்லா லீக் ஆட்டங்களின் ரன்களையும் ஓவர்களையும் மொத்தமாகக் கூட்டிய பிறகுதான் வகுக்க வேண்டும்.

தில்லி வாசகர்களுக்குத் தெரிந்த ஆட்டத்தையே பார்ப்போம். மே 18, கோட்லா மைதானம். தில்லி 20 ஓவர்களில் 162. அதாவது ஓவருக்கு 8.1. சென்னை 20 ஓவர்களில் 128. அதாவது ஓவருக்கு 6.4. வித்தியாசம் 1.7. அந்த ஓர் ஆட்டத்தில் தில்லிக்கு +1.7, சென்னைக்கு -1.7.

இரண்டு எச்சரிக்கைகள். முதலாவது, 18.3 ஓவர் என்று எழுதியிருந்தால் அது தசமம் அன்று. 18 ஓவரும் 3 பந்தும். ஆறு பந்தில் மூன்று பாதியாதலால் கணக்கில் 18.5 என்றே போட வேண்டும். இரண்டாவது, ஓர் அணி முன்பே ஆட்டமிழந்துவிட்டால், ஆடிய ஓவர்களை அல்ல, முழு 20 ஓவர்களையும் வைத்தே வகுக்க வேண்டும்.

இனி ஒரு வேடிக்கை. அந்த ஆண்டு மிக உயர்ந்த நிகர ரன் விகிதம் மும்பைக்கு: +0.317. ஆனால் மும்பை ஐந்தாமிடம் பிடித்து வெளியேறியது. கொல்கத்தாவை ஒருமுறை 102 ரன் வித்தியாசத்தில் வென்ற அணி அது. ஆனால் 102 ரன்னில் வென்றாலும் ஒரு ரன்னில் வென்றாலும் புள்ளி இரண்டுதான். ராஜஸ்தானின் விகிதம் -0.250. எனினும் 14 புள்ளிகளுடன் நான்காமிடம் பெற்று உள்ளே போனது. ஒருநாள் பெரிதாக ஜொலிப்பதைவிட அடிக்கடி சிறிதாக வெல்வது மேல் என்பது இதன் பொருள். படிக்கும் பிள்ளைகளுக்கும் இது பொருந்தும்.

5. கணக்கு தெரிந்தவர்களின் ஆட்டம்

மே 20, புனே. கடைசி லீக் நாள். பஞ்சாப் 153 ரன்னுக்கு ஆட்டமிழந்தது. நிகிடி 10 ரன் மட்டும் கொடுத்து 4 விக்கெட் எடுத்தார். சீசன் நடுவே தந்தையை இழந்து, தாயகம் சென்று திரும்பி வந்திருந்த தென்னாப்பிரிக்க இளைஞர் அவர்.

நான்காமிடத்துக்கு வர வேண்டுமானால் பஞ்சாப் சென்னையை 100 ரன்னுக்குள் அடக்க வேண்டும். சென்னை 27 ரன்னுக்கு 3 விக்கெட்டுகளை இழந்தது. அப்போது தோனி தானே வராமல் ஹர்பஜனையும், அடுத்து தீபக் சாஹரையும் அனுப்பினார். இருவரும் பந்துவீச்சாளர்கள். சென்னைக்கு அடுத்த சுற்று முன்பே உறுதியாகியிருந்ததால், புதிய முயற்சிக்கு இடமிருந்தது. சாஹர் 20 பந்துகளில் 39 அடித்தார். ரெய்னா 61 ரன்னுடன் கடைசிவரை நின்றார். சென்னை வென்றது.

அடுத்து மும்பையில் மே 22 அன்று ஹைதராபாத்தை 2 விக்கெட் வித்தியாசத்தில் வென்றது. மே 27 இறுதி ஆட்டத்தில் ஹைதராபாத் 178 ரன். வாட்சன் முதல் 10 பந்துகளில் ஒரு ரன்கூட எடுக்கவில்லை. முடிவில் 57 பந்துகளில் ஆட்டமிழக்காமல் 117. சென்னை 18.3 ஓவர்களில் 181 எடுத்துக் கோப்பையை வென்றது.

6. நம் அணி எது?

இப்போது முதல் கேள்விக்கு வருவோம். 2018-ல் கொல்கத்தாவின் தலைவர் தினேஷ் கார்த்திக். பஞ்சாபின் தலைவர் அஸ்வின். பெங்களூருக்கு வாஷிங்டன் சுந்தர். கோட்லாவில் சென்னையைத் தோற்கடித்த தில்லி அணியில் 36 ரன்னுடன் ஆட்டமிழக்காமல் நின்றவர்களில் ஒருவர் விஜய் சங்கர். நால்வரும் தமிழ்நாட்டுப் பிள்ளைகள். பிழைக்கப் போன இடத்தில் உண்மையாக உழைத்தவர்கள். அவர்களை ஊர்ப் பற்று இல்லாதவர்கள் என்று யாரும் சொல்லவில்லை.

இன்னொரு கணக்கும் உண்டு. 2025-ல் சென்னை அணி சேப்பாக்கத்தில் 6 ஆட்டங்கள் ஆடி ஒன்றில் மட்டுமே வென்றது. சேப்பாக்கத்தில் நடக்க வேண்டிய ஏழாவது ஆட்டம் மே 20 அன்று நம் தில்லிக்கே மாற்றப்பட்டது. அதிலும் தோல்வி. பத்து அணிகளில் கடைசி இடம். ஆறு ஆட்டங்களை வைத்துப் பெரிய சட்டம் வகுக்க முடியாது; எந்த எஞ்சினீயரும் அவ்வளவு குறைந்த அளவுகளை நம்பமாட்டார். ஆயினும் சொந்த மண் என்பதற்காக மட்டும் யாருக்கும் ஒரு புள்ளிகூடக் கூடுதலாகக் கிடைப்பதில்லை என்று தைரியமாகச் சொல்லலாம்.

ஆகவே பெரியவர்களே, பேரன் தில்லிக்குக் கைதட்டினால் வருந்த வேண்டாம். அது அவன் பிறந்த ஊர். அவனுக்குத் தமிழில் ஸ்கோர் சொல்லிக் கேளுங்கள், போதும். குழந்தைகளே, தாத்தா மஞ்சள் சட்டை போட்டுக்கொண்டால் நீங்களும் சிரிக்காதீர்கள். அது அவர் விட்டு வந்த ஊர்.

பயிற்சி

1. மே 20 ஆட்டத்தில் பஞ்சாப் 19.4 ஓவர்களில் 153 ரன்னுக்கு ஆட்டமிழந்தது. சென்னை 19.1 ஓவர்களில் 159. சென்னையின் நிகர ரன் விகிதம் என்ன?

2. அதே நாளில் கோட்லாவில் தில்லி 20 ஓவர்களில் 174. மும்பை 19.3 ஓவர்களில் 163 ரன்னுக்கு ஆட்டமிழந்தது. தில்லியின் நிகர ரன் விகிதம் என்ன?

விடைகள்: 1. சுமார் +0.65. 2. +0.55. இரண்டாவதில் வேறு விடை வந்திருந்தால், ஆட்டமிழந்த அணிக்கு முழு 20 ஓவர் என்ற விதியை மீண்டும் ஒருமுறை படியுங்கள்.