மண்டையோடு திறவா மின் மருத்துவம்

தலைவலிக்கு மின்மீனை நெற்றியில் வைக்கும் முறையை முதல் நூற்றாண்டிலேயே உரோமானிய மருத்துவர் ஸ்கிரிபோனியஸ் எழுதிவைத்தார். இப்னு சீனாவும் அம்மீனைத் தம் மருத்துவ நூலில் குறித்துள்ளார். 2000ஆம் ஆண்டில் ஜெர்மனியின் நிட்ஷே, பவுலஸ் இருவரும், தலைமேல் செலுத்தும் 1 மில்லி ஆம்பியர் மின்னோட்டமே மூளை நரம்புகளின் கிளர்ச்சியைக் கூட்டவும் குறைக்கவும் வல்லது என நிறுவினர்.

பாப்பாரப்பட்டியினர் ஒரே நாளில் சென்று திரும்பக்கூடிய பெங்களூர் நிம்ஹான்ஸில், இல்லாத குரல்கள் கேட்கும் மனச்சிதைவு நோயர்க்கு இம்முறை ஆராயப்பட்டு வருகிறது. உப்புநீரில் நனைத்த இரு மின்முனைகளைத் தலையில் பொருத்தி, 2 மில்லி ஆம்பியர் மின்னோட்டத்தை 20 நிமிடம் செலுத்துவர். நோயர் விழித்தே இருப்பார்.

எனினும், மின்னோட்டத்தின் பெரும்பகுதி தோலிலேயே பரவி வீணாகிறது. மின்னளவைக் கூட்டினால் தோல் புண்படும். மண்டையோட்டின் கனமும் ஆளுக்காள் மாறும். ஆதலின், எம்.ஆர்.ஐ. படங்கொண்டு கணினியில் கணித்து, சிறு மின்முனைகளை உரிய இடத்தில் வளையமாக அமைக்க முயல்கின்றனர். பாத்தியறிந்து மடை திறப்பது போன்றதே இம்மேம்பாடு.

இம்முறை மருந்துக்கு மாற்றன்று, துணையே. 2001இல் ஏர்வாடிக் காப்பகத் தீயில், சங்கிலியால் பிணிக்கப்பட்டுத் தப்ப இயலாது மாண்ட மனநோயாளரை நாம் மறத்தலாகாது. குரல் கேட்கிறது என்பாரைக் கட்டிவைக்காது, காலந்தாழ்த்தாது மருத்துவரிடம் அழைத்துச் செல்வோமாக!