மார்க்கெட் ஷேர் 60%னு சொன்னா, "எதுல 60%?"னு கேளுங்க!

எங்க பள்ளிப்பட்டுல நாலு விசைத்தறி வச்சிருக்கிற அண்ணன் ஒருத்தர், வருமான வரிக் கணக்கு தாக்கல் பண்ண வந்தப்போ கேட்டார்: "தம்பி, அந்த விமானக் கம்பெனிதான் நாட்டுலயே நம்பர் ஒன்னாம். வெளிநாட்டு ரூட்லயும் மார்க்கெட் ஷேர் ஏறுதாம். பொண்ணு கல்யாணத்துக்குச் சேர்த்த காசைப் போட்டுப் பங்கு வாங்கட்டுமா?"

பதில் சொல்றதுக்கு முன்னாடி, அந்த ஷேரை எப்படி அளக்கிறாங்கன்னு பார்த்துடலாம்.

1. தலைக்கணக்கு

எத்தனை பேரை ஏத்திட்டுப் போனாங்க என்பதுதான் இது. நம்ம நாட்டுல விமானப் போக்குவரத்து இயக்குநரகம் (டிஜிசிஏ) உள்நாட்டுக் கணக்கை மாதாமாதமும், வெளிநாட்டுக் கணக்கை காலாண்டுக்கு ஒருமுறையும் வெளியிடுது.

2. பயணி-கிலோமீட்டர்

நகரிக்குப் போற பஸ்ஸுல ஏறுறவரும், சென்னைக்குப் போற பஸ்ஸுல ஏறுறவரும் ஒரே டிக்கெட்டா வாங்குறாங்க? இல்லையே! அதனால பயணிகள் எண்ணிக்கையைத் தூரத்தால் பெருக்குறாங்க.

ஒரு கற்பனைக் கணக்கு: 'அ' நிறுவனம் சென்னை–கொழும்புக்கு (சுமார் 700 கி.மீ.) 1,000 பேரை ஏத்துது. 'ஆ' நிறுவனம் சென்னை–லண்டனுக்கு (சுமார் 8,200 கி.மீ.) 300 பேரை ஏத்துது.

தலைக்கணக்குல 'அ' 77%, 'ஆ' 23%.
பயணி-கிலோமீட்டரில் 'அ' 7 லட்சம், 'ஆ' 24.6 லட்சம். அதாவது 22%, 78%!

ஒரே பயணிகள், ஒரே விமானங்கள். ஆனா ரெண்டு பேருமே "நாங்கதான் நம்பர் ஒன்"னு விளம்பரம் கொடுக்கலாம். ரெண்டுமே பொய் இல்லை.

3. எங்கே ஏறி எங்கே போய்ச் சேர்ந்தார்?

சென்னையில ஏறி, துபாயில மாறி, லண்டன் போறவரை எந்தக் கணக்குல வைக்கிறது? சென்னை–துபாய் விமானத்தோட கணக்குல அவர் துபாய் பயணி. உண்மையில அவர் லண்டன் பயணி. இதைக் கண்டுபிடிக்க, ஏஜென்ட்டுகள் டிக்கெட் போடுற அமேடியஸ், சேபர் மாதிரி கணினி அமைப்புகளோட பதிவுகளை நிறுவனங்கள் காசு கொடுத்து வாங்குது. ஆனா நிறுவனத்தோட சொந்த வெப்சைட்லயே வித்த டிக்கெட் அதுல வராது. அதை மதிப்பீடு செஞ்சுதான் சேர்க்கணும்.

சரி, ஷேர் அதிகம்னா லாபமா?

இண்டிகோவையே எடுத்துக்கோங்க. 2021-22ல உள்நாட்டுப் பயணிகளில் பாதிக்கு மேல அவங்க கையில. ஆனா கொரோனா பாதிப்பும் எரிபொருள் விலையும் சேர்ந்து 6,000 கோடிக்கு மேல நஷ்டம். 2023-24ல ஷேர் 60 சதவீதத்தைத் தாண்டினப்போ, 8,000 கோடிக்கு மேல லாபம். மார்க்கெட் ஷேர் கொஞ்சம்தான் மாறிச்சு. லாப நஷ்டம் தலைகீழா மாறிப் போச்சு.

ஜெட் ஏர்வேஸ் கதை இன்னும் கசப்பு. 2005ல ஒரு பங்கு 1,100 ரூபாய்னு பொதுமக்களுக்கு வித்தாங்க. வெளிநாட்டு ரூட்ல முன்வரிசையில இருந்த அந்த நிறுவனம், கடன் சுமையால 2019 ஏப்ரல் 17 அன்னிக்குப் பறக்கிறதையே நிறுத்திருச்சு. 2024 நவம்பரில் சொத்துகளை வித்துக் கலைக்கச் சொல்லி உச்ச நீதிமன்றம் உத்தரவு போட்டுச்சு. கலைப்புல கடன்காரங்களுக்குக் கொடுத்து மிஞ்சினாதான் பங்குதாரருக்கு. வரிசையில கடைசி ஆள் அவர்தான்.

அதனால மார்க்கெட் ஷேர்னு கேட்டா மூணு கேள்வி கேளுங்க: எதை வச்சு அளந்தது? எந்த ரூட்டுக்கு, எந்தக் காலத்துக்கு? ஒரு சீட்டை ஒரு கிலோமீட்டர் பறக்க வைக்க ஆகுற செலவைவிட, அதுல வர்ற வருமானம் அதிகமா? மூணாவது கேள்விக்கான பதில் காலாண்டு அறிக்கையில இருக்கும், விளம்பரத்துல இருக்காது.

அண்ணன்கிட்ட என்ன சொன்னேன்? "கல்யாணம் எப்போண்ணே?" "அடுத்த தை." "அப்போ எந்தக் கம்பெனிப் பங்கும் வேண்டாம், எவ்வளவு நல்ல கம்பெனியா இருந்தாலும். பேங்க் டெபாசிட்ல போடுங்க." தேதி குறிச்ச காசைப் பங்குச் சந்தையில போடாதீங்க, அவ்வளவுதான்.

(இது எந்தப் பங்கையும் வாங்கவோ விற்கவோ சொல்லும் பரிந்துரை அல்ல.)