மழைக்குத் தாங்கும் இணைப்பு



எல்கடுவ மாதிரியான மலைச்சரிவில் மழைமானியின் கணக்கைக் கீழே அனுப்பும் ரேடியோவைப் பொருத்தப் போகிறவர், ரேடியோப் பெட்டியைவிட அன்டெனாவுக்கு ஏறும் கேபிளையும் அதன் இரு முனைகளையுமே அதிகம் கவனிக்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். எல்கடுவ இருக்கும் மாத்தளை, மண்சரிவு அபாயமுள்ள மாவட்டம். 24 மணி நேரத்தில் 75 மில்லிமீற்றர் மழைக்கு விழிப்பு, 100க்கு எச்சரிக்கை, 150க்கு வெளியேற்றம் என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் படி வகுத்திருக்கிறது. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி மீரியபெத்தையில் லயங்களை மண் மூடியதை மலையகம் மறக்கவில்லை. மழை 150ஐத் தொடும் இரவில்தான் அந்த எண் கீழே வந்து சேர வேண்டும். கனெக்டரின் இடுக்கில் தண்ணீர் புகுவதும் அதே இரவில்தான்.

900 மெகாஹேர்ட்ஸில் மெல்லிய ஆர்ஜி-58 கேபிளை 20 மீற்றர் இழுத்தால் சுமார் 10 டெசிபெல் போய்விடும். சக்தியில் பத்தில் ஒரு பங்குதான் அன்டெனாவைத் தொடும். தடித்த எல்எம்ஆர்-400 அதே தூரத்துக்குப் பாதிக்கு மேல் கொண்டு சேர்க்கும். ரேடியோவின் சக்தியைக் கூட்டினால் போதாதா என்று கேட்பார்கள். உரிமம் அனுமதிக்கும் அளவுக்குக் கூட்டினாலும், அது அனுப்புவதற்கு மட்டுமே உதவும். வரும் சிக்னலும் அந்தக் கேபிளில்தான் தேய்கிறது. இன்னொரு பொறி எஸ்எம்ஏ கனெக்டர். அதன் ரிவர்ஸ் வகைக்கும் மரை ஒன்றே. கையில் இறுக்கமாகவே முறுகும், ஆனால் உள்ளே இரு பக்கமும் துளையாக இருந்தால் நடு ஊசி எதையும் தொடாது. முறுக்கும் முன் உள்ளே பாருங்கள்.

"மீட்டர் நன்றாகத்தானே காட்டுகிறது?" என்பது அடுத்த மறுப்பு. எஸ்டபிள்யூஆர் மீட்டர் அன்டெனாவிலிருந்து திரும்பி வரும் சக்தியைப் போகும் சக்தியோடு ஒப்பிட்டுக் காட்டுகிறது. கேபிளுக்குள் தண்ணீர் இறங்கிவிட்டால் போகும் சக்தியும் திரும்பும் சக்தியும் வழியிலேயே கரைவதால், ரேடியோப் பக்கத்தில் வைத்த மீட்டர் முன்பைவிட நல்ல எண்ணைக்கூடக் காட்டலாம். ஆகவே அன்டெனாப் பக்கத்திலும் அளக்க வேண்டும். கைத்தொலைபேசி வலையமைப்பு இருக்க இதெல்லாம் எதற்கு என்பவர்களின் மோடெமும் வெளி அன்டெனாவுக்கு இதே மாதிரியான கேபிளையும் கனெக்டரையும்தான் நம்பியிருக்கிறது.

வெளியே இருக்கும் கனெக்டரின் மேல், தன்னோடு தானே ஒட்டும் ரப்பர் டேப்பைக் கீழிருந்து மேலாகச் சுற்றுங்கள். கூரைத் தகரம்போல ஒவ்வொரு சுற்றும் தண்ணீரை வெளியே தள்ளும். வினாகிரி மணக்கும் சிலிக்கோன் வேண்டாம், அதன் அமிலம் செம்பை அரிக்கும். கேபிள் பெட்டிக்குள் நுழையும் முன் ஒரு வளைவு தொங்கட்டும். வழிந்து வரும் நீர் அங்கே சொட்டிவிடும். எல்லாம் முடிந்ததும், வெயில் நாளில் வந்து சேரும் சிக்னலின் அளவைத் திகதியோடு பெட்டிக் கதவின் உட்புறத்தில் எழுதிவையுங்கள். அடுத்த பெருமழை ஓய்ந்த காலையில் அதன் பக்கத்தில் இன்னொரு எண் எழுதப்பட வேண்டும்.