முயலுக்கு என்ன ஒலி?

நம் சங்கத்தின் சனிக்கிழமைத் தமிழ் வகுப்பில் சென்ற மாதம் மரபுச் சொற்கள் நடத்தினேன். குயில் கூவும், மயில் அகவும், யானை பிளிறும், நரி ஊளையிடும் என்று கரும்பலகையில் எழுதிக்கொண்டே வந்தேன். கடைசி பெஞ்சிலிருந்து ஒரு பையன், "முயல் என்ன மாமா பண்ணும்?" என்றான். கை நின்றுவிட்டது. நான் படித்த, நடத்திய பட்டியல் எதிலும் முயலுக்கு ஒலி இல்லை. "அப்போ அது ஊமையா?" என்றான் உடனே. டில்லிப் பிள்ளைகள் லேசில் விடமாட்டார்கள். அன்று சொன்னதையும், மணி அடித்துவிட்டதால் சொல்லாமல் விட்டதையும் இங்கே எழுதுகிறேன்.

முயல் ஊமை இல்லை. ஆனால் வாயைத் திறப்பது அபூர்வம். நாயின் வாயிலோ வலையிலோ சிக்கினால் மட்டும் வீறிடும். கைக்குழந்தையின் அழுகை போலவே இருக்கும். ஒரு தடவை கேட்டவர் மறக்கமாட்டார்.

இந்த ஒரு குரலை வேட்டைக்காரர்கள் பல நாடுகளில் கருவியாக்கிக்கொண்டார்கள். ஜெர்மனியில் இதற்கான ஊதலுக்கு 'ஹாஸன்கிளாகெ' என்று பெயர்; முயலின் புலம்பல் என்று பொருள். அமெரிக்காவில் டெக்ஸாஸ் மாநிலத்தின் பர்ன்ஹாம் சகோதரர்கள் இத்தகைய ஊதல்களை விற்றே பேர் வாங்கினார்கள். வேடிக்கை என்னவென்றால், ஊதினால் பெரும்பாலும் வருவது முயல் அல்ல. அடிபட்ட முயல் சுலபமான சாப்பாடு என்று நினைத்து நரியும் கயோட்டியும் வரும். ஜிம் கார்பெட் 1938-இல் தாக் கிராமத்து ஆட்கொல்லிப் பெண்புலியை ஆண்புலியின் குரலில் கூப்பிட்டு வரவழைத்தார். அது இனத்தின் குரலால் இனத்தை அழைப்பது. இதுவோ இரையின் குரலால் பகையை அழைப்பது.

எனக்கு இதைக் காட்டியவர் என் தாய்மாமா. சிவகங்கைப் பக்கம் ஒரு சிற்றூர். நான் ஐந்தாம் வகுப்பு. நிலா வெளிச்சத்தில் கண்மாய்க் கரைப் புதருக்குள் உட்காரவைத்தார். காற்று நம் முகத்தில் அடிக்கவேண்டும், முதுகில் அடித்தால் நம் வாடை முன்னால் போய்விடும் என்றார். ஊதல் எல்லாம் கிடையாது. புறங்கையை ஈரப்படுத்தி, உதட்டைப் பதித்து உறிஞ்சினார். முதலில் உரக்க, பிறகு ஓர் இடைவெளி, பிறகு உயிர் போகிற மாதிரித் தேய்ந்து தேய்ந்து. பத்து நிமிடத்துக்குள் ஒரு நரி வந்தது. நேரே வரவில்லை, சுற்றி வளைத்து, நம் வாடை பிடிக்கும் பக்கமாகப் போய் நின்று முகர்ந்து, ஓடிவிட்டது. மாமா கையில் தடிகூட இல்லை. எனக்குக் காட்டத்தான் அழைத்துப்போயிருந்தார்.

இன்னொரு நாள் முயலே வந்தது. பதினைந்தடி தூரத்தில் நின்று, பின்காலில் எழும்பி, காதுகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தது. "தாய் முயல்டா" என்றார் மாமா. அது சரியாக இருக்கும் என்றே நினைக்கிறேன். நம் காட்டு முயல் வளை தோண்டாது. கடையில் விற்கும் வெள்ளை முயல் வேறு இனம். அதன் குட்டி மயிரில்லாமல், கண் திறக்காமல் பிறக்கும். காட்டு முயலின் குட்டியோ மயிரோடும் திறந்த கண்ணோடும் பிறந்து, புல்லுக்குள் அசையாமல் தனியே கிடக்கும். ஐரோப்பிய காட்டு முயலைக் கவனித்தவர்கள், தாய் நாளுக்கு ஒரு முறை, பொழுது சாய்ந்தபின் வந்து சில நிமிடம் பால் கொடுத்துவிட்டுப் போய்விடும் என்று கண்டிருக்கிறார்கள். அருகிலேயே இருந்தால் பகைவனுக்கு இடம் காட்டியதாகிவிடும் அல்லவா?

நம் முன்னோர் முயலைக் குரல் கொடுத்துப் பிடித்ததாக நான் படித்ததில்லை. பெரும்பாணாற்றுப்படையில் எயினர் நாய்களோடு புதரைக் கலைத்து, முயல் தப்ப வழியில்லாமல் வளைத்து, வலையில் பிடிக்கிறார்கள். மானுக்குத்தான் வேறு தந்திரம்: பழக்கிய மானைக் கட்டிவைத்துக் காட்டு மானை வரவழைப்பது. அந்தப் பழகிய விலங்குக்குப் 'பார்வை' என்று பெயர். புறநானூற்றின் 320-ஆம் பாட்டில் இப்படி ஒரு பார்வைப் பிணை வருகிறது. 'டிக்காய்' என்பதற்குத் தமிழ்ச் சொல் தேடுபவர்கள் கவனிக்கலாம்.

இதைக் கேட்ட பையன் வீட்டில் அப்படியே ஒப்பித்திருக்கிறான். மறுவாரம் கல்லூரியில் படிக்கும் அவன் அண்ணன் வந்தான். காமிரா வாங்கியிருக்கிறான். "மாமா, முயல் கத்துற சத்தம் போன்ல இருக்கு. ஸ்பீக்கர்ல போட்டா நரி வருமில்ல? ஞாயித்துக்கிழமை அசோலா பக்கம் போறோம்." எனக்குப் பகீரென்றது. நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.

"என்கிட்ட துப்பாக்கியா இருக்கு? போட்டோதானே" என்றான். உட்காரவைத்துச் சொன்னேன். 1972-இன் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் வேட்டை என்றால் கொல்வது மட்டுமல்ல. பிடிப்பது, விரட்டுவது, இரை காட்டி இழுப்பது, அதற்கான முயற்சி எல்லாமே அதில் அடக்கம். முன்பு லைசென்ஸ் வாங்கிச் சிலவற்றைச் சுடலாம். 1991 திருத்தத்தில் அதுவும் போயிற்று. அசோலா பட்டி சரணாலயம். அதற்குள் விலங்கைச் சீண்டுவதே குற்றம். ஸ்பீக்கரோடு பிடிபட்டால் போட்டோவுக்குத்தான் என்பதை யார் நம்புவார்கள்?

அவன் சட்டத்துக்கு அசையவில்லை. "சரி, நீ போடுற இடத்துக்குப் பத்தடி தள்ளி ஒரு முயல் குட்டி கிடந்தா?" என்றேன். பேசாமல் இருந்தான். அசையாமல் கிடப்பது ஒன்றுதான் அதற்குக் காவல். நரியை நாமே அந்தப் புல்தரைக்கு வரவழைத்து மோப்பம் பிடிக்கவிட்டால்? தாய் அந்தச் சத்தத்துக்கு வெளியே வந்தால்? மாமா செய்தபோது எனக்கு இதெல்லாம் தோன்றவில்லை, மாமாவுக்கும் தோன்றியிருக்காது.

ஸ்பீக்கரை வீட்டிலேயே வைத்துவிட்டுத்தான் போனானாம். இரண்டு ஞாயிறு விடியற்காலையில் சும்மா உட்கார்ந்திருந்து, மூன்றாவது வாரம் ஒரு படம் கொண்டுவந்தான். கொஞ்சம் கலங்கல்தான், ஆனால் முயல்.

வகுப்பில் முயலுக்கு 'வீறிடும்' என்று பிள்ளைகளே முடிவு செய்து எழுதிக்கொண்டார்கள். குட்டிக்குப் பெயர் தொல்காப்பிய மரபியலிலேயே இருக்கிறது: குருளை. நரிக் குட்டிக்கும் அதே பெயர்தான் என்றதும் ஒரே சிரிப்பு. படத்தைச் சுவரில் ஒட்டினோம். அந்தக் கடைசி பெஞ்சுப் பையன் கிட்டப் போய்ப் பார்த்துவிட்டு, "உங்க ஊர் முயலுக்குப் பிடரி கறுப்புன்னு சொன்னீங்களே, இதுக்கு இல்லையே மாமா?" என்றான். தெற்கே கறுப்புப் பிடரி. இந்தப் பக்கத்து முயலுக்கு அது இல்லை, வாலில்தான் செம்பழுப்பு. படத்தில் வால் தெரியவில்லை.