தேரியைப் பகலாக்காதே



நீ அனுப்பிய குதிரைமொழித் தேரியின் செம்மணல்மேட்டுப் படத்தைக் கணினியில் பெரிதாக்கிப் பார்த்தேன். ட்ரைபாட் ஆடவில்லை, ஃபோகஸ் தப்பவில்லை, ஐஎஸ்ஓவும் அளவோடு இருக்கிறது. அந்தப் பாடமெல்லாம் உனக்கு வேண்டாம். எனக்கு எரிச்சல் வந்தது வேறு இடத்தில். பௌர்ணமி இரவு எட்டரை மணிக்கு எடுத்தேன் என்கிறாய். படத்தில் மணல், உச்சிவெயிலில் இருப்பதைவிடச் சிவப்பாகக் கிடக்கிறது. எந்த ராத்திரியில் நீ தேரியைச் சிவப்பாகப் பார்த்தாய்?

வெளிச்சம் குறையக் குறைய மனிதக் கண்ணில் முதலில் அணைவது சிவப்புதான். நீலமும் பச்சையும் இன்னும் கொஞ்ச நேரம் தாக்குப்பிடிக்கும். செக் நாட்டு விஞ்ஞானி புர்கின்யே 19ஆம் நூற்றாண்டிலேயே இதைக் கவனித்து எழுதிவிட்டார். அவர் எழுதாவிட்டாலும் இருட்டோடு எழுந்து மரமேறப் போகும் பனையேறிக்கு இது தெரியும். கேமராவுக்குத்தான் தெரியாது. நிலா வெளிச்சம் என்பது நிலாவில் பட்டுத் திரும்பிவரும் சூரிய வெளிச்சம்தானே. பகல் வெயிலைவிடச் சுமார் 4 லட்சம் மடங்கு குறைவு, அவ்வளவுதான். ஷட்டரைப் போதுமான நேரம் திறந்து வைத்தால் சென்சார் ஒரு பகல் காட்சியைத் தயாரித்துக் கொடுத்துவிடும். வானத்தில் நான்கு நட்சத்திரம் தெரிவது ஒன்றுதான் வித்தியாசம். அது கேமராவின் குற்றமில்லை. அதை அப்படியே வாங்கிக்கொண்டது போதாதென்று, லைட்ரூமில் ‘ஷேடோஸ்’ ஸ்லைடரை வலது கோடிவரை இழுத்திருக்கிறாய் பார், அது உன் குற்றம்.

எடுக்கும்போது வெளிச்சத்தைத் தாராளமாக வாங்கிக்கொள், தப்பில்லை. நிழல்களில் புள்ளி புள்ளியாக இரைச்சல் வராமலிருக்க அது உதவும். ஆனால் முடிக்கும்போது இறக்கிவிடு. இருட்டில் கேமராவின் திரை எல்லாவற்றையும் பளிச்சென்று காட்டி ஏமாற்றும். அதை நம்பி முடிவெடுக்காதே. இரவுப் படத்தின் ஹிஸ்டோகிராம் இடது பக்கம் சாய்ந்துதான் இருக்கும். சாயட்டும்.

நான் தொழில் பழகியது திருநெல்வேலியில் ஒரு சின்ன ஸ்டுடியோவில். டார்க்ரூமில் பிரிண்ட் தட்டிலிருந்து எழுந்து வரும்போது அங்கிருந்த அண்ணாச்சி முகத்தைப் பார்க்க மாட்டார், வானத்தைப் பார்க்க மாட்டார். “கறுப்பு நிக்குதாடே?” என்றுதான் கேட்பார். நின்றால் உலரப் போடச் சொல்வார். சாம்பலாக இருந்தால் ஒரு வார்த்தை பேசாமல் கிழித்துக் குப்பையில் போடுவார், தாள் விலை எங்களுக்கு நடுக்கம் தரும் அந்தக் காலத்திலும். கல்யாண ஆல்பத்துக்கு இவ்வளவு கறுப்பு எதற்கு என்று எங்களுக்குள் முணுமுணுப்போம். அவர் எடுத்த தாமிரபரணிக் கரைப் படம் ஒன்று ஸ்டுடியோ வாசலில் தொங்கியது. அந்தி நேரம், முக்கால்வாசி ஒன்றுமே தெரியாது. படித்துறையில் நாலு படி மட்டும் ஈரத்தில் மினுங்கும். ஆல்பம் வாங்க வந்தவர்கள் அதன் முன்னால்தான் நின்றுகொண்டிருப்பார்கள்.

அமெரிக்கப் புகைப்படக்காரர் ஆன்சல் ஆடம்ஸ் 1941இல் நியூ மெக்சிகோவின் ஹெர்னாண்டஸ் கிராமத்தில் எடுத்த நிலா உதயப் படத்தை நீ பார்த்திருப்பாய். லைட் மீட்டர் கைக்கு அகப்படாமல், நிலாவின் பிரகாசத்தை மனக்கணக்கில் வைத்து எடுத்தார் என்ற கதையும் உனக்குத் தெரிந்திருக்கும். எனக்குப் பிடித்தது அதற்குப் பிறகு நடந்தது. அந்த ஒரே நெகட்டிவை அவர் பல பத்தாண்டுகளாகப் பிரிண்ட் போட்டுக்கொண்டே இருந்தார். ஆரம்பகாலப் பிரிண்டுகளில் வானத்தில் மேல்மேகமெல்லாம் தெரியும். வருசம் போகப் போக வானத்தை இருட்டாக்கிக்கொண்டே வந்தார். பிற்காலப் பிரிண்டுகளில் அது கிட்டத்தட்ட முழுக் கறுப்பு. நீ உன் ஸ்லைடரை இழுத்த திசைக்கு நேர் எதிர்த் திசை.

அடுத்து அந்த டார்ச். பனையின் தூரில் கேமராவுக்குப் பக்கத்தில் நின்றே அடித்திருக்கிறாய். மரம் அட்டையில் வெட்டி ஒட்டியதுபோல நிற்கிறது. பனந்தூரின் சொரசொரப்பு முழுக்கச் செத்துவிட்டது. அடித்தே தீருவேன் என்றால் விலகி, மரத்துக்குப் பக்கவாட்டில் போய், ஓரமாக அடி. அடிக்காமல் இருந்தால் இன்னும் நல்லது. ஏன் இவ்வளவு கோபப்படுகிறேன் என்றால், அதே படத்தின் வலது கீழ் மூலையில் நீ ஒரு அற்புதம் செய்திருக்கிறாய்.

காற்று வரைந்த அந்த மணல்வரிகள்! நிலா இன்னும் தாழ்வாக இருந்ததால் வெளிச்சம் மணலை உரசிக்கொண்டு போகிறது; ஒவ்வொரு வரிக்கும் ஒரு பக்கம் வெளிச்சம், ஒரு பக்கம் நிழல். அவற்றுக்கு நடுவே யாரோ நடந்துபோன தடம். தேரியை எத்தனையோ பேர் எடுத்துப் பார்த்துவிட்டேன், சினிமாக்காரர்கள் உட்பட. இந்த மூலைக்குப் பக்கத்தில் வைக்க என்னிடம் ஒரு படம்கூட இல்லை. இதை எடுக்கத் தெரிந்தவன் கையில் டார்ச் எதற்கு?

பனைகளைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். நடுவில் இருக்கும் மூன்றும் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நிற்கின்றன. பகலில் நிறமும் தூரமும் அவற்றைப் பிரித்துக் காட்டிவிடும். இருட்டில் மிஞ்சுவது வெளிக்கோடு மட்டும். இரண்டு கொண்டைகள் உரசினால் பார்ப்பவனுக்கு ஒரு புதர்தான். நீ இடது பக்கம் நாலு எட்டு வைத்திருந்தால் ஒவ்வொரு கொண்டைக்கும் நடுவே வானம் வந்திருக்கும். கேமராவை முழங்கால் உயரத்துக்கு இறக்கியிருந்தால் அந்தக் குட்டிப் பனையும் மேட்டின் விளிம்பைத் தாண்டி வானத்தில் ஏறியிருக்கும். இதையெல்லாம் ராத்திரி எட்டரைக்குத் தட்டுத்தடுமாறிச் செய்ய முடியாது. நாலரை மணிக்கே போய், வெளிச்சத்தில் நடந்து பார்த்து, இடம் பிடித்துவிட வேண்டும்.

ஐரோப்பாக்காரர்களின் காணொளிகளைப் பார்த்துவிட்டு சூரியன் மறைந்தபின் வரும் நீல வெளிச்சத்தை ‘ப்ளூ அவர்’ என்று சொல்லிக்கொண்டு நீங்களெல்லாம் சாவகாசமாக இருக்கிறீர்கள். ஜூன் மாத லண்டனில் அது முக்கால் மணி நேரம் இழுக்கும். அங்கே சூரியன் சரிந்து சரிந்து இறங்குகிறது. திருச்செந்தூர்ப் பக்கம் அது ஏறக்குறைய செங்குத்தாகவே விழும். அடிவானத்துக்கு 6 பாகை கீழே போக இருபத்துமூன்று நிமிடம் ஆனால் அதிகம். அதற்குள் நீ லென்ஸ் மாற்றிக்கொண்டிருந்தால் கதை முடிந்தது.

அதனால்தான் என்னைப் பார்க்க வருகிற எல்லோரிடமும் பஞ்சாங்கம் வாங்கச் சொல்கிறேன். சிரிக்கிறார்கள். பௌர்ணமியன்று நிலா சூரியன் மறையும் நேரத்தை ஒட்டித்தான் எழும். அந்தி முடியும்போது அது தரையோடு தரையாக இருக்கும். முந்தின நாள், சதுர்த்தசியன்று, சராசரியாக ஐம்பது நிமிடம் முன்பே எழுந்துவிடும். மேற்கே நீலம் வடிந்து முடிவதற்குள் கிழக்கே நிலா உயர்ந்து மணலில் நிழல் போடத் தொடங்கியிருக்கும். இரண்டு வெளிச்சமும் ஒன்றுக்கொன்று சமமாக வரும் நேரம் சில நிமிடங்கள்தான். அப்போது எடுத்தால் எந்த ஸ்லைடரையும் தொட வேண்டியிருக்காது. ஆடம்ஸின் படத்தில் இருப்பதும் முழுநிலா இல்லை, வளர்பிறைதான்.

அடுத்த மாதம் சதுர்த்தசிக்கு அதே மேட்டுக்குப் போ. டார்ச்சைக் கையில் வைத்துக்கொள், அங்கே பாம்பு உண்டு. படத்தில் மட்டும் அடிக்காதே. எடுத்ததை ராவ் கோப்பாகவே எனக்கு அனுப்பு. ஜேபெக் அனுப்பினால் பார்க்க மாட்டேன்.