இரசாயனத் தாக்கங்களும் சக்தி மாற்றமும்

சுட்ட சுண்ணாம்பின் மீது நீரை ஊற்றினால் பாத்திரம் சுடுகின்றது. அப்பச்சோடாக் கரைசலுடன் சித்திரிக்கமிலக் கரைசலைச் சேர்த்தால் முகவை குளிர்கின்றது. முதலாவதில் வெப்பம் எங்கிருந்து வந்தது? இரண்டாவதில் எங்கே சென்றது?

1. இருவகைத் தாக்கங்கள்

புறவெப்பத் தாக்கம்: சூழலுக்கு வெப்பத்தை வெளிவிடும் தாக்கம்.
உ+ம்: எரிபொருள்களின் தகனம், அமிலம் - காரம் நடுநிலையாக்கம்.

அகவெப்பத் தாக்கம்: சூழலிலிருந்து வெப்பத்தை உறிஞ்சும் தாக்கம்.
உ+ம்: கல்சியம் காபனேற்றின் வெப்பப்பிரிகை.

2. சக்தி எங்கிருந்து வருகின்றது?

"பிணைப்பு உடைவதால் சக்தி வெளிவருகின்றது" என மாணவர் பலர் எழுதுவர். இது பிழையாகும். ஒன்றையொன்று கவர்ந்து பிணைந்துள்ள அணுக்களைப் பிரிப்பதற்குச் சக்தி கொடுக்கப்பட வேண்டும். அவை மீண்டும் பிணையும்போதே சக்தி வெளிவருகின்றது.

நினைவிற் கொள்க: பிணைப்பு உடையச் செலவு, பிணைப்பு உருவாக வரவு.

வரவு கூடினால் புறவெப்பம். செலவு கூடினால் அகவெப்பம். எத்தாக்கத்திலும் சக்தி புதிதாக ஆக்கப்படுவதோ அழிக்கப்படுவதோ இல்லை. முகவை குளிரும்போது உறிஞ்சப்பட்ட வெப்பம், விளைபொருள்களில் இரசாயன சக்தியாக இருக்கின்றது.

3. கணித்துப் பார்ப்போம்

1 மூல் ஐதரசன் வாயு, 1 மூல் குளோரீன் வாயுவுடன் தாக்கமுற்று 2 மூல் ஐதரசன் குளோரைட்டு வாயுவைத் தருகின்றது.

பிணைப்புச் சக்திகள் (ஒரு மூலுக்குக் கிலோயூலில்):
ஐதரசன் - ஐதரசன் 436
குளோரீன் - குளோரீன் 242
ஐதரசன் - குளோரீன் 431

செலவு = 436 + 242 = 678 கிலோயூல்
வரவு = 2 × 431 = 862 கிலோயூல்
வெளிவிடப்படும் சக்தி = 862 - 678 = 184 கிலோயூல்

எனவே இது புறவெப்பத் தாக்கமாகும். இரண்டு மூல் உருவாவதால் 431 ஐ 2 ஆல் பெருக்க மறக்க வேண்டாம்.

4. சிந்தித்து விடையளிக்க

வினா: மண்ணெண்ணெய் எரிதல் புறவெப்பத் தாக்கம். அவ்வாறாயின் விளக்கை ஏற்றத் தீக்குச்சி எதற்கு?

விடை: தாக்கம் தொடங்குவதற்கு முதலில் சில பிணைப்புகள் உடைய வேண்டும். அதற்கான சக்தியைத் தீக்குச்சியின் சுவாலை வழங்குகின்றது. இது ஏவற்சக்தி எனப்படும். அதன்பின் தகனத்தில் வெளிவரும் வெப்பத்தின் ஒரு பகுதியே அடுத்த மூலக்கூறுகளின் பிணைப்புகளை உடைக்கின்றது. எஞ்சியது வெப்பமாகவும் ஒளியாகவும் சூழலைச் சேர்கின்றது. எனவேதான் தீக்குச்சியை எடுத்த பின்னரும் விளக்கு தொடர்ந்து எரிகின்றது.