தோட்டச் சொந்தக்காரர் தொழிலாளர் தலைவரானது எப்படி?

கேள்வி: கனடாவின் மேற்குப் பகுதியில் ஆரம்ப காலத்தில் கடை வைத்திருந்தவர்களே பிறகு நகர மேயர்களாகவும் சட்டசபை உறுப்பினர்களாகவும் வந்தார்கள் என்று வன்கூவரில் இருக்கும் மகள் சொல்கிறாள். எனக்குச் சௌமியமூர்த்தி தொண்டமானின் ஞாபகம் வந்தது. அவரும் சொத்துக்காரர்தானே? ஒரு தோட்ட முதலாளியைத் தொழிலாளர்கள் எப்படித் தலைவராக நம்பினார்கள்?
– வாசகி, தெஹிவளை

பதில்: அவர் சொந்தத் தோட்டம் வைத்திருந்ததும் அந்த நம்பிக்கைக்கு ஒரு காரணம் அம்மா. அந்தக் காலத்துத் தோட்டத்தைக் கொஞ்சம் எண்ணிப் பாருங்கள். தொழிலாளர் குடியிருந்த லயம் தோட்டத்துக்குச் சொந்தம். சங்கத்தில் சேர்ந்தவன் கையில் தோட்டத்துரை பத்துச்சீட்டைக் கொடுத்து நீக்கினால் வேலையோடு வீடும் போய்விடும். பிள்ளை குட்டி, சட்டி பானையோடு றோட்டுக்கு வர வேண்டியதுதான். வெளியிலிருந்து சங்கக்காரர் உள்ளே போனால் அத்துமீறி நுழைந்ததாக வழக்கு. 1940 ஜனவரியில் முல்லோயாத் தோட்டத்தில் கூலி உயர்வு கேட்ட போராட்டத்தில் கோவிந்தன் என்ற தொழிலாளி பொலிஸ் துப்பாக்கிக்குப் பலியானார். அப்படிப்பட்ட இடத்தில் எந்தத் துரையிடமும் சம்பளத்துக்கோ கூரைக்கோ கைநீட்டத் தேவையில்லாத ஒருவர் முன்னுக்கு வந்தது பெரிய பலம்.

அவருடைய தகப்பனார் கருப்பையா தமிழ்நாட்டிலிருந்து தொழிலாளியாக வந்து, தொழிலாளரை மேற்பார்க்கும் கங்காணியாகி, றம்பொடையில் வேவண்டன் தோட்டத்தையே வாங்கியவர். மகன் கம்பளையில் புனித அந்திரேயர் கல்லூரியில் படித்தார். 1939இல் நேரு வந்தபோது இலங்கை இந்தியன் காங்கிரஸ் உருவானது. கம்பளைக் கிளை வழியாக மேலே வந்த தொண்டமான், 1947இல் நுவரெலியாவிலிருந்து முதலாவது பாராளுமன்றத்துக்குப் போனார்.

மகள் சொன்ன வியாபாரிகளுக்கும் இவருக்கும் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. 1888 முதல் 1891 வரை வன்கூவர் மேயராக இருந்த டேவிட் ஒப்பன்ஹைமர் பலசரக்கு மொத்த வியாபாரி, நிலமும் நிறைய வைத்திருந்தவர். ஊர் வளர வளர அவர் காணியின் விலையும் ஏறும். தொண்டமானுக்கோ, சங்கம் கேட்டு வாங்கும் ஒவ்வொரு சதமும் சொந்தத் தோட்டத்தின் செலவுக் கணக்கில் ஏறியது. வன்கூவர் இருக்கும் அதே பிரிட்டிஷ் கொலம்பியாவில் 1907இல் பறித்த வாக்குரிமையை இந்தியர்களுக்கு 1947இல்தான் திருப்பிக் கொடுத்தார்கள். அடுத்த வருடமே இங்கே பிரஜாவுரிமைச் சட்டம் வந்து, இந்திய வம்சாவளி மலையகத் தமிழரில் மிகப் பெரும்பாலானோரை நாடற்றவர்களாக்கியது. 1949இல் வாக்கும் போயிற்று.

வாக்காளர் இல்லாத தலைவராக அவர் கழித்த காலம்தான் என்னை அதிகம் யோசிக்க வைக்கிறது. இந்த உரிமைப் பறிப்பை எதிர்த்து 1952இல் சத்தியாக்கிரகம் நடந்தது. பிறகு 1960இலும் 1965இலும் நியமன உறுப்பினராகத்தான் சபைக்குள் போக முடிந்தது. 1964இல் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு என்றும் 3,00,000 பேரை இலங்கைக்கு என்றும் பிரித்தது; மிச்சம் 1,50,000 பேரைப் பிறகு பார்ப்போம் என்று விட்டார்கள். சம்பந்தப்பட்ட சனங்களை யாரும் கேட்கவில்லை. இன்று வாசித்தாலும் மனம் கொதிக்கிறது.

1977இல் மறுபடி தேர்தலில் வென்று, 1978இல் ஜனாதிபதி ஜே.ஆர். ஜெயவர்த்தனவின் அமைச்சரவையில் சேர்ந்தார். அமைச்சராக இருந்துகொண்டே 1984இல் சம்பளப் போராட்டம் நடத்தினார். கொழுந்து பறிக்கும் பெண்ணுக்கும் ஆணுக்குச் சமமான நாட்கூலி கிடைத்தது அதில்தான். நாடற்றவர்களுக்குப் பிரஜாவுரிமை கேட்டு 1986 தைப்பொங்கலன்று பிரார்த்தனை இயக்கம் தொடங்கியது. காலையில் மலைக்குப் போக வேண்டிய தொழிலாளர்கள் வேலைக்குப் போகாமல் கூடிப் பிரார்த்தித்தார்கள். வேலைநிறுத்தம் என்று பெயர் வைத்தால் அடக்கலாம். சாமி கும்பிடுகிறவனை என்ன செய்வது? அந்த வருடமும் 1988இலும் வந்த சட்டங்களால் நாடற்றவர் பிரச்சினை பெருமளவு தீர்ந்தது. பேரம் பேசத் தெரிந்த வியாபாரியின் சாமர்த்தியம் அந்த வெற்றியில் இருக்கிறது என்பது என் அபிப்பிராயம்.

என் மனக்குறையையும் சொல்லிவிடுகிறேன். 1999 ஒக்டோபர் 30இல் அவர் மறைந்தபின், அவர் தலைமை தாங்கிய இலங்கைத் தொழிலாளர் காங்கிரஸ் பேரன் ஆறுமுகன் கைக்குப் போனது. 2020இல் ஆறுமுகனும் போனபின் அவர் மகன் ஜீவன் முன்னுக்கு வந்தார். லயத்தில் பிறந்து சங்கத்தில் வளர்ந்த எத்தனையோ திறமைசாலிகளுக்கு அந்த நாற்காலி எட்டவில்லை.